மாதா காட்சிப் படத்தைக் குறைந்த காசில் எடுப்பது: திருகோணமலை ஆட்களின் அனுபவக் குறிப்புகள்

உப்புவெளிக் கமரா:
கிராமத்துப் பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் கதையை எடுக்கிறவர்கள், இருக்கிற காசை முதலில் மாதாவின் மேல்தான் கொட்டுவார்கள். கிரீடம், நீல மேலாடை, கொம்பியூட்டரில் ஒளிவட்டம். படம் விழுவதும் அங்கேதான். ஸ்பெயினின் கரபந்தால் கிராமத்தில் 1961 ஜூன் 18 தொடங்கி 1965 வரை நடந்ததாகச் சொல்லப்படும் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சனம் கண்டது, தலையைப் பின்னால் சாய்த்து மேலே பார்த்துக்கொண்டிருந்த நான்கு சிறுமிகளை மட்டும். மிஞ்சியிருக்கும் படங்களிலும் அந்த முகங்கள்தான். ஆகவே செலவு முகத்துக்கு.

மூங்கில் தடியில் சிவப்புத் துணி கட்டி, பிள்ளைகளுக்கு முன்னால் 4 மீற்றரில், நிலத்திலிருந்து இரண்டரை மீற்றர் உயரத்தில் பிடியுங்கள். எல்லாரும் அந்த ஒரே முடிச்சைப் பார்க்க வேண்டும். "மேலே பார்" என்று மட்டும் சொன்னால் ஆளுக்கொரு திசை பார்ப்பார்கள், எடிட்டில் அதைச் சரிக்கட்ட முடியாது. துணியை இன்னும் உயர்த்தினால் வெள்ளை விழி மட்டும் தெரிந்து பேய் பிடித்த மாதிரி இருக்கும். கண் இமைக்காமல் பிள்ளைகள் ஆறேழு செக்கனுக்கு மேல் தாங்க மாட்டார்கள். செக்கனுக்கு 50 பிரேமில் எடுத்து 25இல் ஓடவிட்டால் ஆறு செக்கன் பன்னிரண்டாகும். ஷட்டர் 1/100. எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதனால் டியூப் லைட்டும் துடிக்காது. 25 பிரேமுக்கு 1/50. 1/60 வைத்தால் படம் முழுக்கப் பட்டை ஓடும்.

கண்ணுக்குள் தெரியும் ஒளிப்புள்ளிதான் நடிப்பில் பாதி. சிவப்புத் துணிக்குப் பக்கத்திலேயே 4 அடிக்கு 4 அடி ரெஜிபோம் பலகை, அதில் பட்டுத் திரும்புகிற மாதிரி ஒரு எல்ஈடி. நீல ஒளி வேண்டாம், வானமே அந்த நேரம் நீலமாக இருக்கும். கமரா 5600 கெல்வினில் நிற்க, லைட்டை 4300க்கு இறக்கினால் போதும். மலிவான எல்ஈடியைத் திருகிக் கூட்டினால் படிப்படியாகத் துள்ளும். முழு வெளிச்சத்தில் வைத்து, முன்னால் பிடித்த கறுப்புத் துணியைக் கையால் மெல்ல விலக்குங்கள்.

பாலையூற்றுப் பிள்ளை:
அண்ணை சொல்வது சரி. ஆனால் ஒரு தரமாவது மாதாவைக் காட்டாமல் எங்கட சனத்தை மண்டபத்திலிருந்து வெளியே அனுப்பேலாது. காட்டுவதென்றால் பழைய கண்ணாடி வித்தையே நல்லது. லண்டனில் 1862இல் பெப்பர் மேடையேற்றியது. கமராவுக்கு முன் கண்ணாடியை 45 பாகை சரித்து வைத்து, பக்கவாட்டில் கறுப்பு வெல்வெற் பின்னணியில் நடிகையை நிறுத்தி அவருக்கு மட்டும் லைட். லைட் கூடக்கூட வெறும் இடத்தில் உருவம் தோன்றும்.

பிழைக்கும் இடங்கள்: கண்ணாடி தடித்தால் முன்பக்கமும் பின்பக்கமும் பிரதிபலித்து இரட்டை மூக்குத் தெரியும். 3 மில்லிமீற்றர் வாங்குங்கள், தூக்கும்போது இரண்டு பேர். அக்ரிலிக் வளையும், முகமும் சேர்ந்து வளையும். லென்ஸில் போலரைசர் (மினுக்கத்தைக் குறைக்கும் வடிகட்டி) இருந்தால் கழற்றுங்கள், அது பிரதிபலிப்பையே தின்றுவிடும். பெரும்பாலானோர் மறப்பது இடம்வலம். கரபந்தால் சிறுமிகள் சொன்னபடி வெள்ளை உடுப்பு, நீல மேலாடை, நட்சத்திர முடி, வலது மணிக்கட்டில் பழுப்பு உத்தரியம் (பக்தர்கள் அணியும் துணிப்பட்டை). கண்ணாடியில் வலது இடதாகும், ஆகவே நடிகை இடது கையில் மாட்ட வேண்டும். வெள்ளை உடுப்பைப் பால் விடாத தேத்தண்ணியில் ஒரு தரம் முக்கி உலர்த்துங்கள். பளிச்சென்ற வெள்ளை, கமராவில் மடிப்பே தெரியாத ஓட்டையாகிவிடும்.

லூர்து மாதா வேறு: நீல இடைக்கச்சை, காலில் மஞ்சள் ரோசா. லூர்தில் காட்சி கண்ட சிறுமி பெர்னதெத் கண்டது தன்னளவே உயரமான ஓர் இளம்பெண்ணை. 1864இல் அங்குள்ள கெபியில் (குகையில்) வைத்த சொரூபம் அவருக்குப் பிடிக்கவில்லை. சொரூபத்தைப் பார்த்து உயர்ந்த நடிகையைத் தேடாதீர்கள்.

சங்கீர்த்தி அக்கா:
தம்பிமாருக்கு லைட் தெரிகிறது, பூசை தெரியவில்லை. கதை 1961இல் என்றால் பூசை இலத்தீனில், பூசை வைக்கும் சுவாமி பீடத்தைப் பார்த்து நிற்பார், சனத்துக்கு முதுகு. பெண்கள் முக்காடு. நற்கருணை முழந்தாளில் நின்று நாவில். செபமாலையின் ஒளியின் மறையுண்மைகள் 2002இல் வந்தவை, பிள்ளைகள் அவற்றைச் சொல்லக்கூடாது. செபமாலையில் சொல்லும் "ஓ என் இயேசுவே" செபம் 1917 பாத்திமா காட்சிக்குப் பிந்தியது, 1858 லூர்துக் கதையில் வந்தால் எந்தக் கன்னியாஸ்திரியும் சிரிப்பார். வசனத்தைத் தமிழில் பழைய காலமாகக் கேட்கவைக்க, "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று தொடங்கும் பழைய செபத்தை எடுங்கள். நற்கருணைக் காட்சிக்குப் பூசையில் அர்ச்சிக்காத வெறும் அப்பத்தை மட்டும் பாவியுங்கள். கோயிலுக்குள் எடுக்கப் பங்குத் தந்தையிடமும் ஆயர் இல்லத்திலும் எழுத்தில் அனுமதி, கதைச் சுருக்கத்தோடு.

போஸ்டரில் "திருச்சபை அங்கீகரித்த அற்புதம்" என்று போடவே வேண்டாம். கரபந்தால் விடயத்தில், இயற்கைக்கு அப்பாற்பட்டது என்று நிலைநாட்டப்படவில்லை என்பதே அந்த ஊர் அடங்கும் சந்தாந்தெர் மறைமாவட்டத்தின் நிலைப்பாடு. 2024 மே மாதத்துப் புதிய வத்திக்கான் விதிகளிலும் மிகச் சாதகமான தீர்ப்பு "தடையில்லை" என்பதே. கதையை எங்கட பக்கத்துக்கு மாற்றினால், உண்மையான ஊரின் பெயர் வைக்காதீர்கள். படம் வந்த மறுகிழமை அங்கே மெழுகுதிரியோடு வான் வந்து நிற்கும்.

திருக்கடலூர் ஒலி:
வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று. பஞ்சு மட்டும் போட்ட மைக் அதைத் தாங்காது, மேலே மயிர்க்கவசம் வேண்டும். பிள்ளைகளின் கண்ணும் காய்ந்து சிவக்கும், முதுகைக் காற்றுக்குக் கொடுத்து நிறுத்துங்கள். சூரியன் கடலிலிருந்து எழும்பும் ஊர், பின்னொளி விடியற்காலையில் சும்மா கிடைக்கும். மணிக்கு 15 பாகையளவில் ஏறுவதால் ஆறரைக்குள் முக்கிய ஷொட் முடியாவிட்டால் போச்சு.

நெஞ்சில் மைக் குத்தினால் செபமாலைச் சிலுவை ரக் ரக் என்று அடிக்கும். முக்காட்டு ஓரத்தில், நெற்றிக்கு மேல் ஒட்டுங்கள். கூட்டம் செபம் சொல்லும்போது முன்னால் இருப்பவர் பேசும் வசனம் வேண்டுமென்றால், கூட்டம் உதட்டை மட்டும் அசைக்கட்டும். செபத்தைத் தனியாகப் பதியுங்கள். காட்சி தொடங்கும் நொடிக்குச் சங்கீதம் தேடி அலைய வேண்டாம், சில்வண்டையும் அலையையும் ஒரே வெட்டில் நிறுத்துங்கள். அதற்கு ஒவ்வோர் இடத்திலும் ஆளில்லாச் சத்தம் ஒரு நிமிடம் எடுத்திருக்க வேண்டும், விசிறிகளை நிறுத்திவிட்டு.

உப்புவெளிக் கமரா:
பவனிக்கு முப்பது பேர் காணும். மூன்று வரிசை, இடைவெளியில் அடுத்தவர் முகம், 85 அல்லது 135 மில்லிமீற்றர் லென்ஸ். மெழுகுதிரிக்குப் பேப்பர் கப் மறைப்பு. ஒவ்வொரு தரம் எடுக்கும்போதும் ஒரே நீளத் திரி, இல்லாவிட்டால் வெட்டுக்கு வெட்டு வளர்ந்து குறையும்.

சீனக்குடா வாசி:
ட்ரோன் பறக்க விடலாமோ?

உப்புவெளிக் கமரா:
கடற்படைத் தளமும் விமானப்படைத் தளமும் உள்ள ஊரில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைப் பதிவு மட்டும் காணாது தம்பி, பாதுகாப்புத் தரப்பின் அனுமதியும் வேண்டும். கோயில் மணிக்கூண்டில் ஏறி எடு.