எச்பிஏ1சி 6.8, வெறும் வயிற்றில் 96: எதை நம்புவது?

மருதாணி:

அத்தைக்கு வயது 52, எடை 46 கிலோ. முடக்குவாதமும் தைராய்டு குறைவும் உண்டு. காலை 8 மணிக்கு பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 7.5 மி.கி., வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., ஹைட்ராக்சிகுளோரோகுயின் 200, தைராக்சின் 75 மைக்ரோகிராம். மூட்டு வலி கூடினால் டைக்ளோஃபெனாக்.

ரிப்போர்ட்: ஹீமோகுளோபின் 8.6, பி.சி.வி. (ஹீமட்டோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 28, எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரிப் பருமன்) 68, சிவப்பணு 41 லட்சம், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு) 9, டி.எஸ்.எச். (தைராய்டு) 3.1, கிரியாட்டினின் (சிறுநீரகம்) 0.8. எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை நிலை) 6.8. வெறும் வயிற்றில் 96. காலை டிபனுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 142. வீட்டு மீட்டரில் மாலை 4 மணிக்கு ஒருநாள் 218, இன்னொரு நாள் 231. தாகம், அடிக்கடி சிறுநீர் எதுவும் இல்லை.

ஒரு டாக்டர் 6.5 தாண்டிவிட்டது, மெட்ஃபார்மின் தொடங்குங்கள் என்கிறார். இன்னொருவர் வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மல், ஒன்றும் வேண்டாம் என்கிறார். அடுத்து எந்தப் பரிசோதனை, எந்த வரிசையில்?

---

சோதனைக்குழாய்:

முதலில் அந்த 6.8ஐ ஓரமாக வையுங்கள். தப்பு என்று சொல்லவில்லை. சரியா தப்பா என்று இப்போது சொல்ல வழியில்லை, அவ்வளவுதான்.

எச்பிஏ1சி என்பது சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்ற கணக்கு. சிவப்பணு வழக்கம்போல் சுமார் 120 நாள் வாழ்ந்தால்தான் 6.5 என்ற கோடு பொருந்தும். இரும்புச்சத்து குறைந்தால் புது அணுக்கள் உருவாவது மந்தமாகும். ஓடுகிற அணுக்களில் கிழவர்களே அதிகம், அவர்கள் மேல் சர்க்கரையும் அதிக நாள் ஒட்டியிருக்கும். ஆகவே சர்க்கரை ஏறாமலே எச்பிஏ1சி ஏறும். எவ்வளவு ஏற்றியது என்று கணக்குப் போட்டுக் கழிக்க முடியாது. முடக்குவாதம் மாதிரி அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து நிற்கும். அப்படியிருந்தும் 9 என்றால் இரும்பு உண்மையிலேயே காலி.

எம்.சி.வி. 68ஐ சிவப்பணு எண்ணிக்கை 4.1 மில்லியனால் வகுத்தால் 16.6. இது 13க்கு மேல் இருப்பதால் இரும்புக் குறைவின் பக்கம் சாய்கிறது. 13க்குக் கீழே வந்திருந்தால் தலசீமியா கீற்றை (பரம்பரை ரத்தக் குறையின் லேசான வடிவம்) தேட வேண்டும். ஆனாலும் எச்பிஏ1சி எந்த முறையில் செய்தார்கள் என்று லேபில் கேளுங்கள். ஹெச்.பி.எல்.சி. (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் முறை) என்றால் வரைபடத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள், ஹீமோகுளோபின் மாற்றுருவம் இருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். தலசீமியா கீற்றைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 அளவை மட்டும் இரும்பு சரியான பிறகு பாருங்கள்; இரும்பு குறைந்திருக்கும்போது அது தாழ்ந்து காட்டி ஏமாற்றும்.

இரும்பு மாத்திரை தொடங்கினால் கதை தலைகீழாகும். புது அணுக்கள் திடுதிப்பென்று வரும், எச்பிஏ1சி இறங்கும். அதைப் பார்த்து சர்க்கரை போய்விட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாகி மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். அதுவரை ரத்தக் குளுக்கோஸ் மட்டுமே சாட்சி.

அந்தச் சாட்சியும் கெட்டுப்போகும். குழாயில் எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்தால் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடி ஃபிளூரைடு குழாய் அதை நிறுத்தும், ஆனால் முழுதாக நிறுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் ஆள் இன்னும் நாலு வீடு சுற்றிவிட்டு லேபுக்குப் போனால் உங்கள் 106 எளிதாக 96 ஆகியிருக்கும். லேபிலேயே போய்க் கொடுங்கள், அரை மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிப்பார்களா என்று கேளுங்கள்.

மீட்டர் பற்றி: பி.சி.வி. 28 என்றால் பல மீட்டர்கள் கூட்டிக் காட்டும். உங்கள் பட்டைப் பெட்டியில் அனுமதித்த ஹீமட்டோக்ரிட் அளவு அச்சாகியிருக்கும். சிலவற்றுக்கு 30 முதல் 55 வரை, சிலவற்றுக்கு 20 முதல் 60 வரை. நல்ல மீட்டருக்கே 100க்கு மேல் 15 சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம் என்பது சர்வதேசத் தர விதி. அதனால் மீட்டர் எண்ணை வைத்து நோயைத் தீர்மானிக்கக் கூடாது. ஆனால் 218, 231 இரண்டையும் தள்ளிவிடவும் முடியாது. அவ்வளவு தூரம் ரத்தசோகை மட்டும் ஏற்றாது.

---

மாத்திரைப்பெட்டி:

மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் அந்த மாலை 4 மணிதான் இந்த ரிப்போர்ட்டிலேயே முக்கியமான எண். இரண்டு டாக்டரும் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது.

காலை 8 மணி பிரெட்னிசோலோன் சர்க்கரையை உடனே ஏற்றாது. நாலு மணி நேரத்தில் தொடங்கி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மாலையிலும் உச்சம், இரவில் இறங்கி, விடியற்காலையில் பழைய நிலை. ஆகவே வெறும் வயிற்றில் 96 என்பது எதையும் மறுக்கவில்லை. டிபனுக்குப் பின் 142ம் அப்படித்தான், மருந்து வேலையைத் தொடங்கும் முன்பே எடுத்தது.

சூத்திரப்படி எச்பிஏ1சி 6.8 என்றால் சராசரி சுமார் 148. வெறும் வயிறு 96, மாலை 220 என்று ஓடினால் அந்தச் சராசரி வருவதும் நடக்கக்கூடியதே. அதாவது ரத்தசோகை ஏற்றிய பொய்யாகவும் இருக்கலாம், ஸ்டீராய்டு ஏற்றிய நிஜமாகவும் இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். பிரித்துச் சொல்லப் போவது மதியச் சோற்றுக்குப் பின் எடுக்கும் லேப் ரத்தம்தான்.

செய்முறை: வழக்கமான மாத்திரைகள் வழக்கமான நேரத்தில். வழக்கமான மதியச் சாப்பாடு, அன்றைக்கு மட்டும் சோற்றைக் குறைக்க வேண்டாம். முதல் கவளத்திலிருந்து கணக்கு வைத்து இரண்டு மணி நேரத்தில் சிரை ரத்தம் (கை நரம்பில் எடுப்பது), சாம்பல் மூடிக் குழாயில். ஒரு வாரம் விட்டு இன்னொரு நாள் இதையே திரும்பச் செய்யுங்கள். மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் இரண்டு வாரம் தள்ளுங்கள். காய்ச்சல், சளி இருக்கும் வாரத்தில் வேண்டாம்.

புத்தக விதி: வெறும் வயிற்றில் 126, அல்லது 75 கிராம் குளுக்கோஸுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 200, அல்லது எச்பிஏ1சி 6.5, அறிகுறி இல்லாதவருக்கு இவற்றில் இரண்டு முடிவுகள் தேவை. ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த 200 என்பது தாகம், எடை இழப்பு மாதிரி அறிகுறி இருந்தால்தான் தனியாகச் செல்லும். ஆனாலும் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு இரண்டு தனித்தனி நாளில் மதியத்துக்குப் பின் லேபில் 200 தாண்டினால், பெயர் என்ன வைப்பது என்பது அப்புறம், சிகிச்சை பற்றி அன்றே பேசியாக வேண்டும்.

இதில் நேரம் ஏன் முக்கியம் என்றால், மாலைச் சர்க்கரையைப் பார்த்து இரவு மாத்திரையோ இரவு இன்சுலினோ எழுதிவிட்டால் விடியற்காலை 3 மணிக்குத் தாழ்சர்க்கரை வரலாம். 46 கிலோ உடம்பு தாங்காது. எழுதுகிறவருக்கு எந்த நேரத்தில் ஏறுகிறது என்பது எண்களோடு தெரிய வேண்டும்.

பிரெட்னிசோலோனை நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். பல மாதம் எடுத்தவருக்கு அட்ரீனல் சுரப்பி தூங்கியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழும், ஆளும் விழுவார்.

இன்னொன்று, ஹைட்ராக்சிகுளோரோகுயின் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும். ஆக அத்தைக்கு ஒரு மருந்து மேலே இழுக்க, ஒன்று கீழே இழுக்கிறது. எதை மாற்றினாலும் அதற்குப் பிறகு மறுபடி பார்க்க வேண்டும்.

---

மருதாணி:

நன்றி. ஒரு லேபில் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட்டே செய்துவிடலாம், அதுதான் உறுதி என்கிறார்கள். செய்யலாமா?

---

சோதனைக்குழாய்:

ரத்தசோகையால் அது பாதிக்காது, அந்த வகையில் நல்லது. ஆனால் காலை 7 மணிக்குத் தொடங்கி 9 மணிக்கு முடிந்துவிடும். மாத்திரைப்பெட்டி சொன்ன மாதிரி ஸ்டீராய்டின் நேரம் அப்போது வராது. 200க்கு மேல் வந்தால் நம்பலாம். குறைவாக வந்தால் நிம்மதி வேண்டாம். மதியத்துக்குப் பின் எடுப்பதை முதலில் வைத்து, இதை இரண்டாவதாக வையுங்கள்.

செய்வதென்றால் ஒழுங்காக. முந்தைய மூன்று நாளும் தினம் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து உள்ளே போயிருக்க வேண்டும். மூன்று வேளையும் இட்லி, சோறு சாப்பிடுகிறவருக்குத் தானாக வந்துவிடும். சர்க்கரை பயத்தில் ஒரு வாரமாகக் கஞ்சியும் சுண்டலுமாக இருப்பவருக்குப் பொய்யாக ஏறிக் காட்டும். 8 மணி நேரம் தண்ணீர் தவிர ஒன்றும் கூடாது. நீரற்ற குளுக்கோஸ் 75 கிராம், நீரேறிய மோனோஹைட்ரேட் தூள் என்றால் 82.5 கிராம். 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். வாந்தி எடுத்தால் அன்றைய டெஸ்ட் செல்லாது. இரண்டு மணி நேரமும் உட்கார்ந்தே இருக்க வேண்டும். எதிர்க்கடை வரை நடந்துவிட்டு வருகிறேன் என்பதெல்லாம் எண்ணை மாற்றும்.

லேபில் ஒரு குழப்பம் நடக்கும், ஜாக்கிரதை. சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை என்று 75 கிராம் கொடுத்து, 140க்கு மேல் என்றால் சர்க்கரை என்று எழுதும் முறை ஒன்று உண்டு. அது கர்ப்பிணிகளுக்கானது. அத்தைக்கு வெறும் வயிற்றில், 200 என்ற கோடு. 140 முதல் 199 வரை வந்தால் சர்க்கரைக்கு முந்தைய நிலை.

---

கிரியாட்டினின்:

இழையைப் பார்த்துவிட்டு டயாலிசிஸ்காரர்கள் வீட்டிலும் இதையே செய்துவிடுவார்கள் என்று பயம், அதனால் ஒரு வரி. அங்கே திசை எதிர். எரித்ரோபாய்டின் ஊசி (சிவப்பணுவை ஊறச் செய்வது), அணுக்கள் சீக்கிரம் அழிவது, ரத்தம் ஏற்றுவது எல்லாம் எச்பிஏ1சியைக் குறைத்துக் காட்டும். 5.8 என்று பார்த்து மருந்தைக் குறைத்துவிடாதீர்கள். மாற்றாகச் சொல்லப்படும் ஃபிரக்டோசமின் (ரத்தப் புரதங்களில் ஒட்டிய சர்க்கரை) இரண்டு மூன்று வார நிலையைக் காட்டும், ஆனால் சிறுநீரில் புரதம் போய் ஆல்புமின் குறைந்தவருக்கு அதுவும் தாழும். மருதாணியின் அத்தைக்கு ஆல்புமின் நார்மல் என்றால் ஃபிரக்டோசமின் துணைச் சாட்சியாகப் பயன்படும். நோயைத் தீர்மானிக்க அதற்கென்று ஒப்புக்கொண்ட கோடு கிடையாது.

---

நாளமில்லாச்சுரப்பி:

சர்க்கரை நோய் என்று உறுதியானால் அடுத்த கேள்வி என்ன வகை என்பது. 46 கிலோ, தைராய்டு குறைவு, முடக்குவாதம். தைராய்டு குறைவும் தன்னெதிர்ப்பால் (உடல் தன்னையே தாக்குவதால்) வந்திருந்தால், கணையத்தையும் அதே எதிர்ப்பு மெல்ல அரிக்கலாம். பெரியவர்களில் மெதுவாக வரும் முதல் வகை இது. டைப் 2 என்றே பல வருடம் மருந்து சாப்பிடுவார்கள், மாத்திரை ஒவ்வொன்றாகக் கைவிடும்.

இதற்கு ஜி.ஏ.டி. 65 எதிர்பொருள் பரிசோதனை. ஒருமுறை போதும், சாப்பிட்டிருந்தாலும் எடுக்கலாம். பாசிட்டிவ் என்றால் எஸ்.ஜி.எல்.டி.-2 வகை (சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும்) மாத்திரைகளில் மிகக் கவனம்: சர்க்கரை 200கூட தாண்டாமலே கீட்டோன் அமிலம் ஏறி ஆபத்தாகும்.

சி-பெப்டைடை (கணையம் இன்சுலினோடு சேர்த்து வெளியிடும் துண்டு) எல்லாரும் முதலில் எழுதுகிறார்கள், என் கருத்தில் அது இரண்டாவது. எடுத்தால் கூடவே அதே ஊசியில் குளுக்கோஸும் எடுக்க வேண்டும். குளுக்கோஸ் 70 இருக்கும்போது சி-பெப்டைடு குறைவாக இருப்பது இயல்பு. அதை வைத்துக் கணையம் போச்சு என்று சொல்லக் கூடாது. மி.லி.க்கு 0.6 நானோகிராமுக்குக் கீழே என்றால் இன்சுலின் சுரப்பு மிகக் குறைவு. சிறுநீரகம் கெட்டவருக்கு இது பொய்யாக உயர்ந்து காட்டும். அத்தைக்கு அந்தப் பிரச்சினை இல்லை. தலைமுடிக்கு என்று பயோட்டின் மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். பல லேப் முறைகளில் அது சி-பெப்டைடையும் டி.எஸ்.எச்.ஐயும் தாழ்த்திக் காட்டும். இரண்டு நாள் நிறுத்திவிட்டு எடுக்கவும்.

சாப்பிட்ட பிறகு முதுகுக்கு ஊடுருவும் வயிற்றுவலி, எண்ணெய் மிதக்கும் மலம் உண்டென்றால் வயிற்று ஸ்கேன். கணையத்தில் கல் சேர்ந்து வரும் சர்க்கரை தென்னிந்தியாவில் அரிதல்ல, ஒல்லியானவர்களில்தான் அதிகம்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இரும்பு ஏன் தீர்ந்தது? டைக்ளோஃபெனாக் வயிற்றில் புண் போட்டு மெல்ல ரத்தம் கசிகிறதா, மாதவிடாய் இன்னும் அதிகமா? தைராய்டு தன்னெதிர்ப்பு உள்ளவருக்குக் கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயும் சேர்ந்து வரலாம். அதுவும் இரும்பை உறிஞ்ச விடாது. சர்க்கரையைத் துரத்திக்கொண்டு இதைக் கோட்டைவிடக் கூடாது.

---

மருதாணி:

மதிய ரத்தம் இரண்டு நாள், பிறகு தேவைப்பட்டால் ஜி.ஏ.டி. என்று குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. இரும்பு மாத்திரையை இப்போதே தொடங்கலாமா, இல்லை டெஸ்ட் முடியும் வரை தள்ளவா? தைராய்டு மாத்திரையோடு சேராது என்றும் சொல்கிறார்கள்.

---

மாத்திரைப்பெட்டி:

தள்ள வேண்டாம், டாக்டரிடம் கேட்டு உடனே தொடங்குங்கள். குளுக்கோஸ் டெஸ்ட்டை இரும்பு பாதிக்காது. சர்க்கரை டெஸ்ட்களில் பாதிக்கப்படுவது எச்பிஏ1சிதான், அதை எப்படியும் சில மாதம் எடுக்கப் போவதில்லை. தொடங்கிய தேதியை மட்டும் ரிப்போர்ட் கோப்பின் மேல் பெரிதாக எழுதிவையுங்கள். இடையில் வேறு டாக்டர் யாராவது எச்பிஏ1சி எடுத்தால் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

தைராக்சின் காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் என்றால், இரும்புக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி. காலை 11 மணிக்கு வைத்துக்கொள்ளலாம். கூட டீ, காபி, கால்சியம் மாத்திரை வேண்டாம். மலம் கறுப்பாகும், அது இரும்பால். ஆனால் தார் மாதிரி பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு போனால் அது ரத்தம். அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.