புதுப்பிப்பு: பஜ்ஜிக்குப் பதில் பனங்கிழங்கு

மாலை நேரத்தில் பஜ்ஜி, முறுக்கு தின்னும் பழக்கத்தை நிறுத்த என்ன வழி என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். அந்தந்தப் பருவத்தில் சந்தைக்கு வருவதைச் சாப்பிடச் சொன்னீர்கள். அப்படியே செய்கிறேன்.

இப்போது தை மாதம், பனங்கிழங்குதான். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, நீளவாக்கில் பிளந்து நடுக்குருத்தை எடுத்துவிடுவேன். நாரை இழுத்துப் போட்டு மென்றுகொண்டே இருந்தால் நேரம் போவதே தெரியாது. ஒரு கிழங்கிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது. மலச்சிக்கலும் நன்றாகக் குறைந்திருக்கிறது. மாவுச்சத்து அதிகம், அதனால் சர்க்கரை உள்ளவர்கள் அளவு பார்த்துக்கொள்ளுங்கள்.

சிறுகிழங்கும் வாங்கினேன். கோணிச் சாக்கில் போட்டுத் தேய்த்தால் தோல் தானாகக் கழன்றுவிடும், ருசிக்கு ஈடே இல்லை.

சரி, கோடைக்கு நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் இருக்கின்றன. ஐப்பசி அடைமழையில் பஜ்ஜி ஆசை வருமே, அப்போது எதை வாங்கலாம்?