சொந்தமாகக் கட்டிய ஸ்போர்ட்ஸ் கார்: வேகமாக ஓடும்போது மட்டும் என்ஜின் சூடேறுவது ஏன்?

கேள்வி (கிளிநொச்சி)

வணக்கம். லோட்டஸ் செவன் என்ற இலகுவான பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரின் அமைப்பைப் பின்பற்றி இரும்புக் குழாய்ச் சட்டகத்தில் நான் கட்டிய இரண்டு இருக்கைக் காரில் டொயோட்டா 4ஏ-ஜிஈ என்ஜினைப் பொருத்தியிருக்கிறேன். நகருக்குள் நெரிசலில் நின்றாலும் மின்விசிறி சூட்டை அடக்கிவிடுகிறது. ஆனால் ஏ-9 வீதியில் மாங்குளம் நோக்கிச் சீரான வேகத்தில் ஓடினால் வெப்பமானியின் முள் மெல்ல ஏறி, முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தும்போது 100 பாகை செல்சியசைத் தாண்டிவிடுகிறது. சூட்டுக்கேற்பத் திறந்து தண்ணீரை ரேடியேற்றருக்கு விடும் தேர்மோஸ்டாற்றைக் கழற்றிவிட்டுப் பெரிய ரேடியேற்றர் போடச் சொல்கிறார்கள். பணத்தைச் செலவிடுமுன் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி (வவுனியா)

தம்பி, நிற்கும்போது அடங்கும் சூடு ஓடும்போது ஏறுகிறது என்றால், முதலில் காற்று போகும் வழியைப் பாருங்கள். ரேடியேற்றரின் ஊடாகக் காற்றைத் தள்ளுவது அதன் முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையிலுள்ள அழுத்த வேறுபாடு. முகப்பால் நுழைந்த காற்று என்ஜின் அறையைவிட்டு வெளியேற வழியின்றித் தேங்கினால் அந்த வேறுபாடு குறைந்துபோகும். பிறகு வரும் காற்று பக்க இடைவெளிகளால் நழுவிவிடும். பெரிய ரேடியேற்றர் போட்டாலும் இந்தக் குறை தீராது. முகப்பின் வாயிலிருந்து ரேடியேற்றரின் விளிம்புவரை அலுமினியத் தகட்டால் வழி அமைத்து, ஓரங்களை ஸ்பொஞ் வைத்து அடையுங்கள். அதன்பின் பொனற்றில், ரேடியேற்றருக்குச் சற்றுப் பின்னால், பின்நோக்கித் திறக்கும் செவுள்களை (காற்று வெளியேறும் பிளவுகளை) வெட்டுங்கள். முன்கண்ணாடியின் அடியில் மட்டும் வெட்ட வேண்டாம். வேகத்தில் அங்கே அழுத்தம் கூடுவதால் காற்று உள்ளே புகுந்துவிடும்.

மறுமொழி (முல்லைத்தீவு)

தண்ணீரின் ஓட்டத்தைச் சோதிக்காமல் தகடு வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ரேடியேற்றருக்குள் போகும் ஓஸ் பைப்பிலும் அதிலிருந்து வரும் ஓஸ் பைப்பிலும் வெப்பமானி பொருத்தி, ஓடும்போதே அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் மிகக் குறைவென்றால் காற்றுப் போதவில்லை. மிக அதிகமென்றால் தண்ணீர் மெதுவாக ஓடுகிறது. எங்காவது அடைப்பு இருக்கலாம், அல்லது பம்பின் இழுவையில் கீழ் ஓஸ் பைப் சப்பளியலாம். மேலும், இவ்வகைக் கார்களில் முகப்புத் தாழ்ந்திருப்பதால் காற்றுக் குமிழ்கள் என்ஜினின் தலைப்பகுதியில் தங்கிவிடும். ஆகவே கூலன்ற் தொட்டியை எல்லாவற்றுக்கும் மேலாக வையுங்கள்.

கிணற்றுத் தண்ணீரை ஊற்றவே ஊற்றாதீர்கள். வன்னியில் பல இடங்களில் நிலத்தடி நீர் கடினமானது. கேத்தலின் அடியில் படியும் அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் குழாய்களிலும் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்றும் சமபங்காகக் கலந்தது நல்லது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன்; வித்தியாசம் மிகச் சிறியதாகவே இருக்கிறது. ஆகவே தகட்டு வேலையைத் தொடங்குகிறேன். தேர்மோஸ்டாற்றை என்ன செய்வது?

மறுமொழி (வவுனியா)

கழற்ற வேண்டாம். அது நன்றாகத் திறக்கிறதா என்பதைச் சுடுநீரில் இட்டுப் பாருங்கள். இரட்டை வால்வு உள்ள தேர்மோஸ்டாற் முழுதாகத் திறக்கும்போது பக்கவழியை மூடிவிடுகிறது. கழற்றினால் அந்தப் பக்கவழி திறந்தே கிடக்க, சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமலே என்ஜினுக்குத் திரும்பும். ரேடியேற்றர் மூடியையும் சோதியுங்கள். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் வெறும் நீர்கூட ஏறத்தாழ 118 பாகையில்தான் கொதிக்கும்; மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.