வியாழனில் நிறமாலையில மீத்தேன் வாயு ஒளியை உறிஞ்சற பட்டை சிக்க மாட்டேங்குது, ஏனுங்க?

உடுமலைக்காரர்: 8 அங்குல எஃப்/5 நியூட்டோனியன் தொலைநோக்கி, ஒளியை நிறம் நிறமாப் பிரிக்கற மில்லிமீட்டருக்கு 100 கோடு கிரேட்டிங், கறுப்பு வெள்ளை கேமரா. 619, 727 நானோமீட்டர்ல ஒரு பள்ளமும் காணோமுங்க.

ஈரோட்டு வானம்: தம்பி, ஒளியை ஒடுக்கமா உள்ளே விடற பிளவு (ஸ்லிட்) இல்லாம எடுக்கறீங்க, அதனாலதான். 1000 மி.மீ. குவியத்தூரத்துல 40 வில்விநாடி (கோண அளவு) அகல வியாழன் சென்சார்ல 0.19 மி.மீ. விழும். கிரேட்டிங் சென்சாருக்கு 50 மி.மீ. முன்னாடி இருந்தா, நிறமாலை அதுல மில்லிமீட்டருக்கு 200 நானோமீட்டர்னு விரியும். ஆக வியாழனோட வட்டே 39 நானோமீட்டரைப் பூசிடுது. 619 பட்டை அதைவிட ஒடுக்கம். பிளவு வாங்கற வரைக்கும் யுரேனஸைப் பிடிங்க. அது 3.7 வில்விநாடிதான், பூச்சு 4 நானோமீட்டருக்குள்ள அடங்கும். பட்டைகளும் வியாழனைவிட ரொம்ப ஆழம், அருமையாத் தெரியும்.

பொள்ளாச்சி அக்கா: 727ஐ மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க கண்ணு. நம்ம காத்துல இருக்கற நீராவியும் 720 பக்கம் உறிஞ்சும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஈரத்தோட அடிக்கறப்ப இன்னும் மோசம். வானத்துல கிரகம் இருக்கற அதே உயரத்துல இருக்கற, சூரியன் மாதிரியான ஜி2 வகை விண்மீனை எடுத்து, அதோட நிறமாலையால வகுங்க. பிளவு இருந்தா நிலாவே போதும். சூரியக் கோடும் நம்ம காத்தும் சேர்ந்தே கழியும். வகுத்த பிறகும் 760ல ஆக்சிஜன் பள்ளம் மிஞ்சினா, உயரம் பொருந்தலைன்னு அர்த்தம்.

உடுமலைக்காரர்: 889 நானோமீட்டர் மீத்தேன் பட்டை எடுக்க முடியுங்களா?

ஈரோட்டு வானம்: தாராளமா. கேமராவுல அகச்சிவப்பைத் தடுக்கற கண்ணாடி இருக்கக் கூடாது. கிரேட்டிங் உண்டாக்கற இரண்டாம் வரிசை நிறமாலையோட 445 நீலம் அதே இடத்துல வந்து விழும். 610க்கு மேல மட்டும் விடற சிவப்பு வடிகட்டி போட்டுக்குங்க.