வடித்த பாஸ்தாவா, வடிக்காத பாஸ்தாவா: மாட்டுக் கொத்துக்கறிச் சீஸ் பாஸ்தா குறித்து ஒரு விவாதம்

புதுவயல் அடுப்படி:
சென்ற வாரம் நான் எழுதிய ஒரே சட்டி மாட்டுக் கொத்துக்கறிப் பாஸ்தாவின் கீழே கோட்டையூர் அண்ணன், "பாஸ்தாவைத் தனியே வேகவைத்து வடிக்காமல் கறியோடு போட்டு வேகவைப்பது சமையல் அன்று, கூழ் காய்ச்சுவது" என்று எழுதிவிட்டுப் போனார். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவரே, "நீ கூழ் காய்ச்சுகிறாயாமே" என்று கேட்ட பிறகு பொறுப்பதில் பொருளில்லை.

செய்முறையை மறுபடியும் சொல்கிறேன். அடிகனமான அகலச் சட்டியில் அரைக் கிலோ கொத்துக்கறியைப் பரப்பிப் போட்டு, அது விடுகிற தண்ணீர் முழுவதும் சுண்டிச் சட்டியில் ஒட்டிச் சிவக்கும் வரை விட வேண்டும். அதன்பின் இரண்டு பெரிய வெங்காயம், ஆறு பல் பூண்டு, மூன்று தக்காளி ஆகியவற்றை அதிலேயே வதக்கி, 700 மில்லி கொதிநீர் ஊற்றி, கால் கிலோ குழல் பாஸ்தாவைப் போட்டு மூடிவிட்டு, அடிப்பிடிக்காமல் இடையிடையே கிளறிக்கொண்டிருந்தால் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். அடுப்பை அணைத்த பிறகுதான் 150 கிராம் சீஸைத் துருவிப் போட வேண்டும்.

கால் கிலோ உலர்ந்த பாஸ்தா வெந்ததும் அரைக் கிலோவுக்குச் சற்று மேல் ஆகிறது. அதாவது ஏறத்தாழ 300 மில்லி நீரை அது தனக்குள் இழுத்துக்கொள்கிறது. அந்த 300 மில்லி கறிச்சாறாக இருக்க வேண்டுமா, வெறும் உப்புத் தண்ணீராக இருக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அண்ணன் இதற்குப் பதில் சொல்லட்டும்.

கோட்டையூர் அண்ணன்:
தங்கச்சி, நான் கப்பல் சமையற்கட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். நாற்பது பேருக்கு ஒரே வேளையில் பாஸ்தா போட்டிருக்கிறேன். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு லிட்டருக்கு 10 கிராம் உப்பு, பொங்கிக் கொதிக்கும்போது போடுவது, உள்ளே சிறிது கடிபதம் இருக்கும்போதே வடிப்பது என்பதுதான் முறை. தண்ணீர் நிறைய இருந்தால்தான் பாஸ்தா விடுகிற மாவு கரைந்து வெளியேறும். நீங்கள் ஊற்றுகிற 700 மில்லியில் அந்த மாவு எங்கே போகும்? சட்டியிலேயே கிடந்து கொழகொழவென்றாகும். நம் வீடுகளில் சோற்றையே வடித்துத்தான் உண்டார்கள். குக்கர் வந்த பிறகுதான் வடிக்கிற பழக்கமும் போனது, உதிரியான சோறும் போனது. வடிக்காதது கூழ்தான்.

கடைசியில் சீஸ் சேரும்போது இளக்குவதற்காக வடிக்குமுன் ஒரு கரண்டி தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டால் போதும். தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

புதுவயல் அடுப்படி:
ஒரு கரண்டி தண்ணீரை எதற்காக எடுத்து வைக்கிறீர்கள், அண்ணே? அதில் பாஸ்தாவின் மாவு கரைந்திருக்கிறது. அந்த மாவு இருந்தால்தான் சீஸ் திரியாமல், எண்ணெய் தனியே பிரியாமல், சாற்றோடு ஒன்றாகிப் பாஸ்தாவின் மேல் பட்டுப்போலப் படியும். அதற்காகத்தானே எடுத்து வைக்கிறீர்கள்? இரண்டரை லிட்டரையும் கழுநீர்த் தொட்டியில் கொட்டிவிட்டு, அதிலிருந்தே ஒரு கரண்டியைப் பொக்கிஷமாகப் பாதுகாக்கிற முறையைவிட, அந்த மாவு முழுவதும் சட்டிக்குள்ளேயே தங்குகிற என் முறையில் என்ன பிழை?

சோறு வடித்ததைச் சொன்னீர்கள். வடித்த கஞ்சியை யாரும் சாக்கடையில் ஊற்றவில்லை. உப்பிட்டுக் குடித்தார்கள், வேட்டிக்கும் சேலைக்கும் போட்டு விறைப்பாக்கினார்கள்.

கழனிவாசல் மசாலா:
இருவரும் தண்ணீரைப் பற்றியே பேசுகிறீர்கள். காரைக்குடியில் செய்கிற கொத்துக்கறியில் ஒரு துண்டு கல்பாசியும் அரைத் தேக்கரண்டி சோம்பும் இல்லாவிட்டால் அது எந்த ஊர்ச் சமையல்? எண்ணெயில் முதலில் அவற்றைப் பொரித்துவிட்டுக் கறியைப் போட்டுப் பாருங்கள்.

கோட்டையூர் அண்ணன்:
சீஸோடு கல்பாசி சேராது. பால்மணத்தின் மேல் மண்மணம் ஏறினால் இரண்டும் கெடும். மிளகு போதும்.

கழனிவாசல் மசாலா:
நான் ஆறு மாதமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறார்கள். உண்டு பார்க்காமல் "சேராது" என்று தீர்ப்புச் சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? சென்ற தீபாவளிக்கு என் கோலா உருண்டையைப் பற்றியும் இப்படித்தான் எழுதினீர்கள். நான் அதை மறக்கவில்லை.

தேவகோட்டை இல்லத்தரசி:
உங்கள் இருவருடைய கணக்கிலும் கறி விடுபட்டுப்போயிற்று. இந்தப் பாஸ்தாவின் மூலம் அமெரிக்காவில் இருக்கிறது. 1971ஆம் ஆண்டு அங்கே ஹாம்பர்கர் ஹெல்ப்பர் என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. உலர்ந்த பாஸ்தாவும் மசாலாப் பொடியும் அதில் இருக்கும், ஏறத்தாழ 450 கிராம் கொத்துக்கறியோடு ஒரே வாணலியில் சமைத்துவிடலாம். ஆனால் அந்த நாட்டுக் கொத்துக்கறியில் பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொழுப்பு இருக்கும். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து வயதைக் கடந்து, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாத மாட்டுக்கோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாட்டுக்கோதான் அறுப்பதற்கான சான்று கிடைக்கும். அப்படி வயது முதிர்ந்த மாட்டின் கறி நாரும் சவ்வுமாக இருக்கும். பன்னிரண்டு நிமிடத்தில் பாஸ்தா வேகும், கறி வேகாது. பல்லில் மணல்போல் நெறுநெறுக்கும்.

நான் கறியைச் சிவக்க வறுத்து, இஞ்சி பூண்டும் அரைக் குவளைத் தண்ணீரும் சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில் விடுவேன். குக்கருக்குள் சூடு 120 டிகிரியை நெருங்கும் என்பதால் சவ்வு உருகிச் சாறு தானாகவே கெட்டிப்படும். ஆவி அடங்கியதும் திறந்து, மேற்கொண்டு கொதிநீர் ஊற்றி, அதே குக்கரில் பாஸ்தாவைப் போட்டு, மூடியைப் பூட்டாமல் ஒரு தட்டால் மூடிவைப்பேன். பாத்திரம் ஒன்றுதான்.

புதுவயல் அடுப்படி:
பார்த்தீர்களா, தேவகோட்டை அக்காவும் வடிக்கவில்லை.

கோட்டையூர் அண்ணன்:
அவர் கறியைப் பற்றி எழுதியிருக்கிறார். நான் வடிப்பதைப் பற்றிக் கேட்கிறேன். முதலில் குக்கரில் கறி, பிறகு திறந்து பாஸ்தா என்றால் அதையும் கூழ் என்றுதான் சொல்வேன்.

தேவகோட்டை இல்லத்தரசி:
கறி வெந்ததா என்று இருவருக்கும் கவலையில்லை. நன்றாயிருக்கிறது.

பள்ளத்தூர் வாசகர்:
இவ்வளவு சிக்கல் எதற்கு? ஆட்டுக் கொத்துக்கறியில் செய்துவிட்டுப் போகலாமே. செட்டிநாட்டுச் சமையலில் மாட்டிறைச்சி ஏது?

தேவகோட்டை இல்லத்தரசி:
ஐயா, என் மாமியாருக்கு மாமியார் காலத்திலிருந்து எங்கள் அடுப்பு தேவகோட்டையில்தான் எரிகிறது. செட்டிநாடு என்றால் பெரிய வீடுகளின் பந்தி மட்டும் அன்று. அந்த வீடுகளுக்கு வெளியே இருக்கிற தெருக்களிலும் அம்மி இருக்கிறது, அதே சோம்பும் மிளகும் அரைபடுகின்றன. மாட்டிறைச்சி என்று தலைப்பிலேயே எழுதியிருக்கும் இடத்தில் வந்து, உங்கள் வீட்டில் சமைக்காததை ஊரிலேயே இல்லை என்று சொல்லாதீர்கள். ஆட்டுக்கறியில் செய்தால் அதுவும் நல்ல உணவுதான், ஆனால் அது வேறு உணவு. மாட்டுக்கறிச் சாற்றின் அழுத்தமான சுவைதான் தக்காளியின் புளிப்புக்கும் சீஸின் உப்புக்கும் ஈடுகொடுக்கிறது.

பள்ளத்தூர் வாசகர்:
நான் யாரையும் புண்படுத்த எழுதவில்லை. விலையைக் கருதி எழுதினேன்.

தேவகோட்டை இல்லத்தரசி:
விலையைக் கருதுகிறவர் ஆட்டுக்கறியைச் சொல்ல மாட்டார்.

கல்லல் மாணவன்:
அக்கா, அண்ணே, நான் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். என்னிடம் ஒரு மின்னடுப்பும் ஒரு சட்டியும்தான் இருக்கின்றன. நேற்று புதுவயல் அக்காவின் செய்முறைப்படி செய்து, கடைசியில் அரைக் குவளைப் பாலும் ஊற்றினேன். பால் திரிந்துவிட்டது. சீஸும் நூல் நூலாகக் கரண்டியில் சுற்றிக்கொண்டு, மேலே எண்ணெய் மிதந்தது. மளிகைக் கடையில் உதிரியாக விற்கிற மக்ரோனியைப் போட்டேன். அது கரைந்தே போய்விட்டது. எங்கே தவறினேன்?

கோட்டையூர் அண்ணன்:
தம்பி, வடிக்காததுதான் தவறு.

புதுவயல் அடுப்படி:
தம்பி, அண்ணன் சொல்வதைக் கேட்காதே. நீ செய்தவை மூன்று தவறுகள், அவற்றில் ஒன்றுக்கும் வடிப்பதற்கும் தொடர்பில்லை. தக்காளியின் புளிப்பில் சூடாகப் பாலை ஊற்றினால் திரியாமல் என்ன செய்யும்? பால் இதற்கு வேண்டியதே இல்லை. கொதிக்கிற சட்டியில் சீஸைப் போட்டால் அதிலுள்ள புரதம் இறுகி நூலாகும், கொழுப்பு கழன்று மிதக்கும். அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் கழித்து, கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளற வேண்டும். மூன்றாவது, அந்த உதிரி மக்ரோனி பெரும்பாலும் மைதாவில் செய்தது. டூரம் என்ற கெட்டிக் கோதுமையின் ரவையில் செய்தது என்று உறையில் அச்சிட்டிருப்பதை வாங்கு. அதன் புரதம் மாவைக் கட்டிப்பிடித்து வைத்திருக்கும், சாற்றிலேயே வெந்தாலும் உருக்குலையாது.

கழனிவாசல் மசாலா:
உறையில் துருவியே விற்கிற சீஸையும் வாங்காதே, தம்பி. ஒட்டாமல் இருக்க அதில் மாவுப்பொடி தூவியிருப்பார்கள், உருகினாலும் மணல் தட்டும். கட்டியாக வாங்கித் துருவு. பதப்படுத்திய சீஸ் கட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, அதில் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைக்கும் உப்புகள் சேர்த்திருப்பதால் சுலபமாக இளகும்.

கோட்டையூர் அண்ணன்:
பதப்படுத்திய சீஸைப் பரிந்துரைக்கிற இடத்தில் பாஸ்தாவின் பதத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்? செடார் போன்ற நல்ல சீஸ் வாங்கத் தெரியாதவர்களுக்குக் கடிபதம் எங்கே தெரியப்போகிறது? நான் மறுபடியும் சொல்கிறேன்: மைதாவோ ரவையோ, வடித்தால் நீங்கள் விரும்புகிற நொடியில் வேகுவதை நிறுத்தலாம். சாற்றில் கிடக்கிற பாஸ்தாவை நிறுத்த முடியாது. முதல் தட்டு நன்றாயிருக்கும், இரண்டாம் தட்டு பரிமாறுவதற்குள் அது மிச்சச் சாற்றையும் குடித்து ஊதிவிடும். நாற்பது பேருக்கு நீங்கள் சொல்கிறபடி ஒரே பாத்திரத்தில் போட்டால் அடியில் கூழும் மேலே வேகாத குழலுமாக நிற்கும். இதைச் செய்து பார்த்து, கொட்டி, திட்டும் வாங்கியவன் நான்.

புதுவயல் அடுப்படி:
நாற்பது பேருக்கு என்று யார் கேட்டார்கள், அண்ணே? நான் நான்கு பேருக்கு எழுதினேன். மாலை ஆறரை மணிக்கு வேலையிலிருந்து வந்து, ஏழரைக்குள் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய வீட்டுக்கு எழுதினேன். இரண்டு பாத்திரமும் ஒரு வடிதட்டும் கழுவ ஆள் இருக்கிற கப்பலுக்கு எழுதவில்லை. இரண்டாம் தட்டு ஊதும் என்கிறீர்கள். கால் குவளை வெந்நீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும்.

வடிக்காததெல்லாம் கூழ் என்றால், கவுனி அரிசியை என்ன சொல்வீர்கள்? பர்மாவுக்குப் போன நம்மவர்கள் கொண்டுவந்த அரிசி அது. இரவெல்லாம் ஊறவைத்து, ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்கிறோம். அந்தக் கருஞ்சிவப்பு நிறமும் மணமும் தண்ணீரில் இறங்கியிருப்பதால் ஒரு சொட்டும் வடிப்பதில்லை. கோட்டையூரில் விருந்துக்கு வைக்கிற கவுனி அரிசியை வடித்தா செய்கிறார்கள்? அல்லது அதையும் கூழ் என்று பந்தியில் எழுந்து நின்று சொல்வீர்களா? சீரகச் சம்பாவில் தண்ணீர் அளந்து ஊற்றுகிற திண்டுக்கல் பிரியாணியும் உங்கள் கணக்கில் கூழ்தானா?

கோட்டையூர் அண்ணன்:
கவுனி அரிசி இனிப்புக்கு உரியது, இங்கே இழுக்க வேண்டாம். கவுனி அரிசியைக் குக்கரில் வைக்கக் கூடாது என்று நான் இரண்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியதற்கு நீங்கள் இன்றுவரை கணக்குத் தீர்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பிரியாணியிலும் அரிசியை முக்கால் பதத்தில் வடித்துத் தம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதுவே உயர்ந்தது. பாஸ்தாவை வடிக்க வேண்டும்.

புதுவயல் அடுப்படி:
ஆம், அந்தக் கணக்கும் இருக்கிறது. அன்றைக்கும் நீங்கள் ஒரு முறை வைத்துப் பார்க்காமல்தான் எழுதினீர்கள்.

கல்லல் மாணவன்:
இன்று டூரம் பாஸ்தா வாங்கி, பால் ஊற்றாமல், அணைத்த பிறகு சீஸ் போட்டுச் செய்தேன். சீஸ் திரியவில்லை, நன்றாக வந்தது. ஆனால் தேவகோட்டை அக்கா சொன்னதுபோல் கறி நெறுநெறுத்தது. குக்கர் இல்லாதவன் எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும்?

தேவகோட்டை இல்லத்தரசி:
முக்கால் மணி நேரம் சிறுதீயில் மூடிவை, தம்பி, தண்ணீர் வற்ற வற்றச் சிறிது சிறிதாகச் சேர். கறியை விரலில் நசுக்கிப் பார், மசிந்தால் மட்டும் பாஸ்தாவைப் போடு. உன் ஒருவனுக்காவது கறியின் நினைவு வந்ததே.

கோட்டையூர் அண்ணன்:
நன்றாக வந்தது என்று தம்பி எழுதுவது அவர் வடித்த பாஸ்தாவை உண்டதில்லை என்பதால். ஒரு முறை வடித்துச் செய்து பார்க்கட்டும்.

புதுவயல் அடுப்படி:
இருப்பது ஒரே சட்டி என்று அந்தப் பிள்ளை எழுதியதைப் படித்தீர்களா, இல்லையா? எதில் வேகவைத்து, எதில் வடிப்பான்? ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு விதமாகவும் கால் கால் கிலோ செய்து, வெந்த பாஸ்தாவைத் தராசில் நிறுத்து, படத்தோடு இங்கே போடுகிறேன். புதுவயலுக்கும் கோட்டையூருக்கும் அப்படியொன்றும் தொலைவில்லை, நேரிலேயே வந்து உண்டு பாருங்கள்.

கோட்டையூர் அண்ணன்:
வருவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வடிக்காததைப் பாஸ்தா என்று என் வாயால் சொல்ல மாட்டேன்.

புதுவயல் அடுப்படி:
அதைச் சொல்ல வேண்டாம். அந்த ஒரு கரண்டித் தண்ணீரை எதற்காக எடுத்து வைக்கிறீர்கள் என்று கேட்டு இரண்டு நாளாகிறது, அதைச் சொல்லுங்கள்.