வீட்டுக் கராஜில் கட்டிய திறந்த சட்டகக் கார்: மறக்க முடியாத சந்திப்புகளைப் பகிருங்கள்

வடலண்டன் வாசி:

எக்ஸோசெட் என்ற திறந்த சட்டகக் காரைக் கட்டுவது எப்படி என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றை வாங்கி, உடலைக் கழற்றிவிட்டு, மிச்சத்தைப் புதிய குழாய்ச் சட்டகத்தில் பூட்டுவதுதான். நான் எழுத வந்தது அந்த மாஸ்டாவை எனக்கு விற்ற பெரியவரைப் பற்றி.

கதவுக்குக் கீழ்த் தகடு இரண்டு பக்கமும் துருவேறி, எம்.ஓ.டி. என்னும் பிரிட்டனின் வாகனத் தகுதிச் சோதனையில் தேறாமல் அவர் வீட்டு வாசலில் நின்ற வண்டி. என்ன செய்யப்போகிறேன் என்பதைச் சொல்லித்தான் வாங்கினேன். உடலைத் தூக்கும் நாளில் பார்க்க வரலாமா என்று கேட்டார். வந்தார். அக்கம்பக்கத்தார் சேர்ந்து தூக்கினோம். எஞ்சின், கியர்பாக்ஸ், அதைப் பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள டிஃபரென்ஷியலோடு இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம், நான்கு சக்கரங்கள் எல்லாம் ஒரே கோவையாகத் தரையில் நின்றன. நாங்கள் கைதட்டினோம். அவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சுவரில் சாய்த்திருந்த இடப்பக்கக் கதவின் மேல் கைவைத்து, "இதை நான் எடுத்துக்கொள்ளலாமா?" என்றார். கைப்பிடிக்குக் கீழே ஒரு நெளிவு. மகள் கார் ஓட்டப் பழகிய காலத்தில் விழுந்ததாம்.

வீட்டில் கொண்டுவந்து தருகிறேன் என்றேன், சம்மதிக்கவில்லை. கண்ணாடியோடு கூடிய கதவு, நல்ல கனம். மார்போடு அணைத்தபடி, அங்கங்கே இறக்கிவைத்து, தெருமுனை வரை நடந்தார். மகள் இப்போது எங்கே என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான் கட்டிய வண்டிக்குக் கதவே கிடையாது. அந்தக் கதவை அவர் என்ன செய்திருப்பார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஆறாம் கியர்:

அந்தத் துருவுக்காக வருந்த வேண்டாம். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 பலவற்றின் முடிவு அதுதான். நீங்கள் வாங்காவிட்டால் பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும். எஞ்சினாவது பிழைத்தது.

என்னை விடாமல் துரத்துவது, வீட்டில் கட்டிய காரைச் சாலைக்கு விடுமுன் பிரிட்டனில் நடக்கும் ஐ.வி.ஏ. சோதனை நாள். அதிகாரி மெதுவாக வளைத்து ஓட்டிக்கொண்டே ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். திருப்பிய இடத்திலேயே நின்றது. வெளியே நின்ற என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

இனிக் கட்டப்போகிறவர்கள் கவனியுங்கள். மாஸ்டாவின் எடை ஏறத்தாழ ஒரு டன். உடலைக் கழற்றியதும் முன்சக்கரங்களின் மேல் சுமை வெகுவாகக் குறைகிறது, சக்கரத்தை நேராக்கும் விசையும் கூடவே குறைகிறது. அதனால் காஸ்டர் கோணத்தை, அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வைக் கூட்டுங்கள், சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் டோ அளவைச் சரிபாருங்கள், டயர்க் காற்றை மாற்றிப் பாருங்கள். பவர் ஸ்டீயரிங் பெட்டியைப் பம்ப் இல்லாமல் அப்படியே பூட்டினால் உள்ளிருக்கும் சீல்களின் இறுக்கமே திரும்ப விடாது. அடுத்து விளிம்புகள். திறந்த சட்டகத்தில் எல்லாமே வெளியே தெரிகிறது, ஆகவே கைபடும் விளிம்பு ஒவ்வொன்றும் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்க வேண்டும். சஸ்பென்ஷன் போல்ட் தலைகளுக்குப் பிளாஸ்டிக் மூடி போடுங்கள். சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டரில் 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. சைலன்சருக்குள் இருக்கும் பஞ்சைப் புதிதாகத் திணித்துவிட்டுப் போனால் நல்லது.

கப்பல் பட்டறை மகன்:

ஆறாம் கியர், வடலண்டன் வாசி காஸ்டர் கோணம் கேட்கவில்லை. ஒரு மனிதரைப் பற்றி எழுதியிருக்கிறார். துருவேறிய வண்டிதானே என்று நீங்கள் தள்ளிவிட்டது சரியில்லை.

குறைந்த செலவில் வீட்டிலேயே கட்டும் லோகாஸ்ட் வகைக் காரின் சேஸிஸ் ஒன்று பாதியில் நின்று விற்பனைக்கு வந்தது. 25 மி.மீ. சதுரக் குழாய், 1.6 மி.மீ. தடிமன், வழக்கமானதுதான். அப்பாவையும் அழைத்துப் போனேன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெல்டராகவே காலம் கழித்தவர். கட்டிய பையனுக்கு இருபது வயது இருக்கும். மூட்டுகளெல்லாம் பளபளவென்று அழகாக இருந்தன. அப்பா ஒன்றும் பேசாமல், கீழே கிடந்த, அவன் வெல்டிங் பழகிய துண்டு ஒன்றை எடுத்து, வைஸில் பிடித்து, இரும்பறுக்கும் வாளால் குறுக்கே அறுத்தார். வெட்டிய முகத்தைத் துடைத்து அவனிடம் நீட்டினார். வெல்டு குழாயின் மேல் உட்கார்ந்திருந்தது, உள்ளே இறங்கவே இல்லை. ஒரு கோடாக இடைவெளி தெரிந்தது.

"இதில் யாரைத் தம்பி ஏற்றுவதாக இருந்தாய்?" என்று அப்பா தமிழில் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அவனுக்குப் புரிந்துவிட்டது. "என் தங்கையை" என்றான். அந்த முகம் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அவன் அந்த சேஸிஸை யாருக்கும் விற்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

செட்டிபாளையம்:

ஆறாம் கியர் ஐ.வி.ஏ.வை நினைத்து நொந்துகொள்கிறார். நொந்துகொள்ளவாவது உங்களுக்கு ஒரு சோதனை இருக்கிறது. இங்கே இந்தியாவில், கம்பெனி தயாரித்த வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. வீட்டில் கட்டியதைச் சாலைக்குக் கொண்டுவருவதை மறந்துவிட வேண்டியதுதான், பந்தயத் தடம் மட்டுமே வழி.

ஆனாலும் கோவைக்கு இது புதிதல்ல. பந்தய வீரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தயக் கார்களைக் கட்டிய ஊர் இது. பள்ளிப் பருவத்தில், மாமாவின் லேத் பட்டறைக்கு அப்படி ஒரு கார் மேல்மூடி இல்லாமல் வந்து நின்றது. அதோடு வந்த மெக்கானிக், "இதில் வேண்டாத பாகம் ஒன்றைக் காட்டு, உன்னை உட்காரவைக்கிறேன்" என்றார். சுற்றிச்சுற்றி வந்தேன். எதைத் தொட்டாலும் அது எதற்கு என்று அவரிடம் பதில் இருந்தது. கடைசிவரை உட்காரவில்லை. அந்த ஆளின் பெயர்கூடத் தெரியாது, ஆனால் நான் மெக்கானிக்கல் படித்தது அவரால்தான்.

ஆறாம் கியர்:

செட்டிபாளையம், சோதனையை நான் குறை சொல்லவில்லை. அந்த அதிகாரி கண்டுபிடிக்காவிட்டால் அதே ஸ்டீயரிங்கோடு நெடுஞ்சாலைக்குப் போயிருப்பேன். வடலண்டன் வாசி, அந்தப் பெரியவர் வீடு தெரியும்தானே? வண்டியோடு ஒரு முறை போய்ப் பாருங்கள். கப்பல் பட்டறை மகன், அப்பாவிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள்: 1.6 மி.மீ. குழாய்க்கு அவர் மிக் வெல்டிங்கைச் சொல்வாரா, டிக் வெல்டிங்கையா?