லியோன் ஒளித் திருவிழா: எங்கே தங்குவது?

அனைவருக்கும் வணக்கம். வரும் டிசம்பரில், எழுபது வயதைக் கடந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு, பாரிஸிலிருந்து லியோன் நகரின் ஒளித் திருவிழாவுக்குச் செல்லவிருக்கிறோம். 1852ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், ஃபூர்வியர் குன்றில் மரியன்னையின் சிலை நிறுவப்பட்ட இரவில் ஊர்மக்கள் சன்னல்தோறும் விளக்கேற்றியதிலிருந்து தொடரும் வழக்கம் இது என்றதும், "நம் கார்த்திகை தீபம் போலத்தானே" என்று அம்மா உடனே சம்மதித்துவிட்டார்.

அதிவேக ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்தான், அதில் சிக்கலில்லை. முழங்கால் வலியுள்ள அம்மா நெரிசலில் நெடுநேரம் நிற்க இயலாது என்பதால், ரோன், சோன் ஆறுகளுக்கு இடையிலுள்ள பெல்கூர் சதுக்கத்தின் அருகிலேயே கூடுதல் வாடகை கொடுத்துத் தங்குவது நல்லதா, அல்லது பார்தியூ ரயில் நிலையத்தருகே தங்கி மெட்ரோவில் வந்துபோவது போதுமா என்பதே என் முதன்மையான கேள்வி. பழைய லியோனிலிருந்து குன்றின் மேலே செல்லும் இழுவை ரயிலில் மாலை வேளையில் முதியவர்களை ஏற்றிச்செல்வது சாத்தியமா, பகலிலேயே சென்று திரும்புவதுதான் உகந்ததா? அந்நகரின் புகழ்பெற்ற புஷோன் உணவகங்களில் குடல், பன்றி இறைச்சி வகைகளே மிகுதி. அம்மாவோ சுத்த சைவம். நல்ல சைவ உணவகம் தெரிந்தவர்கள் அதையும் குறிப்பிட்டால் நன்றியுடையவனாவேன்.